கழுத்து ஊசி: வலி குறைந்தது, கோபம் குறையவில்லை

மன்னார்குடி நண்பர் ஒருவர், "கழுத்துல ஸ்டீராய்ட் ஊசி போட்டீங்களே, நானும் போட்டுக்கலாமாண்ணே?" என்று கேட்டார். போனில் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன்.

ஊசி நன்றாகவே கேட்டது. இடது தோளிலிருந்து நடுவிரல் வரை மின்சாரம் மாதிரி இறங்கிய வலி சில நாளில் அடங்கிவிட்டது. சம்பாவுக்கு அன்னக்கூடையை இடக்கையில் இடுக்கிக்கொண்டு நானே உரம் தெளித்தேன். கழுத்து எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் தேய்ந்ததை இது சரிசெய்யாது, நரம்பைச் சுற்றிய வீக்கத்தைத்தான் குறைக்கும். போட்ட டாக்டரையும் குறை சொல்ல மாட்டேன். சி-ஆர்ம் என்கிற எக்ஸ்ரே கருவியில் பார்த்து, சாய மருந்து செலுத்தி, ஊசி எங்கே நிற்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் போட்டார். மயக்கம் கொடுக்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். சில நாள் சர்க்கரை ஏறும் என்றும் முன்பே எச்சரித்தார்.

சரி, கோபம் எதில்? டிஸ்சார்ஜ் சீட்டில். "கழுத்தில் ஸ்டீராய்ட் ஊசி", அவ்வளவுதான். மருந்தின் பெயர் இல்லை, அளவு இல்லை, பேட்ச் எண் இல்லை, எந்த எலும்புகளுக்கு நடுவே என்றும் இல்லை. பில்லிலும் 'பேக்கேஜ்' என்று மொத்தத் தொகைதான். கவுண்டரில் கேட்டால், "எல்லா ஸ்டீராய்டும் ஒண்ணுதாங்க" என்கிறார்கள்.

ஒன்றே இல்லை. ட்ரையாம்சினோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன் இரண்டிலும் நுண்துகள் உண்டு. டெக்ஸாமெத்தசோன் முழுக்கக் கரைந்த மருந்து. கழுத்தின் பக்கவாட்டில், நரம்பு வெளியே வரும் துளை வழியாகப் போடும்போது துகள் ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் மூளைக்கோ தண்டுவடத்துக்கோ ரத்தம் தடைபடலாம். அரிதுதான், ஆனாலும் பார்வை இழப்பு, பக்கவாதம், மரணம் வரை நேரலாம் என்று 2014-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்தது. கழுத்தில் அந்த வழியாகத் துகள் மருந்து கூடாது, கழுத்தின் பின்புறமாகப் போட்டால் சி6-சி7 (கழுத்தின் ஆறாவது, ஏழாவது எலும்புகள்) இடைவெளிக்கு மேலே போக வேண்டாம் என்று 2015-இல் அங்குள்ள நிபுணர் குழுவும் சொன்னது. பேட்ச் எண் எதற்கு என்பவர்களுக்கு: 2012-இல் அங்கே பூஞ்சை கலந்த ஸ்டீராய்ட் குப்பிகளால் 750 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு, 60 பேருக்கு மேல் இறந்தார்கள். யாருக்கு எந்தக் குப்பி போனது என்று தெரிந்தால்தானே தேடிப் பிடிக்க முடியும்?

வலி குறைந்தது நிஜம், டாக்டர் கெட்டிக்காரர். ஆனாலும் தம்பி, அந்த இடத்துக்கு உங்களை அனுப்ப மாட்டேன். மருந்தின் பெயரைக் கேட்டதும் எழுதித் தருகிற இடமாகப் பாருங்கள், தஞ்சாவூரோ திருச்சியோ. ரத்தம் உறையாமல் இருக்க நீங்கள் சாப்பிடும் மாத்திரையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.