யாகுசா 0 ஆடி முடிச்சாச்சு: 74 மணி நேரம், ஒரு காலி மனை, ஒரு கோழி

சின்ன வயசுல எங்க வீட்ல ஒரு டிவி கேம் இருந்துச்சு, அதுக்கு நைனா பர்மா பஜார்ல வாங்கினு வந்த ஒரு கேசட்ல குள்ளகுள்ளமா ஸ்கூல் பசங்க ரோட்ல அடிச்சிக்கிற கேம் ஒண்ணு இருக்கும். எல்லாம் ஜப்பான் எழுத்து, ஒரு மண்ணும் புரியாது. அடி வாங்கி விழுறவன் காசா மாறிடுவான், அத பொறுக்கினு கடைக்குள்ள போனா அங்க இன்னா பண்ணனும்னு தெரியாம வெளிய வந்துருவோம். ரொம்ப வருஷம் கழிச்சி தான் தெரிஞ்சுது, அது டெக்னோஸ் ஜப்பான் 1989ல விட்ட குனியோ கேமு, அந்த கடைல சாப்பாடு வாங்கி துன்னா தான் குத்துல பலம் ஏறும், புக் கடைல புக் வாங்குனா புது அடி கத்துக்கலாம்னு. நாங்க என்னடான்னா பாக்கெட் ஃபுல்லா காசு வெச்சினு பட்டினியா சண்ட போட்டுனு இருந்துருக்கோம்.

அந்த கணக்க தீக்க தான் யாகுசா 0ன்ற இந்த வீடியோ கேம (யாகுசான்னா ஜப்பான் ரவுடி கும்பலு) வாங்குனேன்னு வெச்சிக்கோங்களேன். இதுவும் அதே ஜாதி தான், ரோட்ல அடிதடி, கூடவே ஆள வளத்து வளத்து பெருசாக்குறது. ஜப்பான்ல 2015ல வந்துச்சு, நம்ம பக்கம் எல்லாம் 2017ல பிளேஸ்டேஷன் 4ல, அப்புறம் 2018ல பிசிக்கு. பழைய கேமுனு நெனைக்காதீங்க, என்னுது ஆறு வருஷ லேப்டாப், அதுலயே வழுக்கினு ஓடுச்சு. இந்த சீரிஸ் 2005ல ஆரம்பிச்சுது, இது அதுக்கு முன்னாடி நடந்த கதைன்றதால நேரா இதுல இருந்து ஆரம்பிக்கலாம், ஒண்ணும் விட்டுப்போவாது.

கதை 1988 டிசம்பர். டோக்கியோல கமுரோச்சோனு ஒரு ஏரியா, நெஜத்துல இருக்குற கபுகிச்சோவ பாத்து வரைஞ்சது. அங்க கிரியுனு 20 வயசு பையன், ஒரு கும்பல்ல கடைநிலை ஆளு, கடன் வசூல் பண்ண போய் ஒருத்தன நாலு தட்டு தட்டிட்டு வர்றான், அப்புறம் பாத்தா அந்தாளு ஒரு காலி மனைல பொணமா கெடக்குறான், பழி இவன் மேல. அந்த மனை எவ்ளோ பெருசுன்றீங்க, எங்க தெருல நாலு பைக்கு நிறுத்துனா அஞ்சாவது நிறுத்த எடமில்லாத சைஸு. ஆனா ஏரியாவயே இடிச்சி புதுசா கட்டணும்னு ஒரு கோஷ்டி கெளம்பிருக்கு, இந்த துண்டு நெலம் மட்டும் யார் பேர்ல இருக்குனு எவனுக்கும் தெரியல. அதுக்காக மூணு பெரிய தலைங்க ஆளாளுக்கு வெட்டு குத்து. தண்டையார்பேட்டைல பொறந்து வளந்தவனுக்கு இதெல்லாம் சப்டைட்டில் இல்லாமயே புரியும். ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருக்குற ஒண்ணரை அடி சந்துக்கு முப்பது வருஷமா கேஸ் ஓடுற தெரு எங்களுது.

சண்டைக்கு வர்றேன். ஒருத்தன குத்துனா நோட்டு பறக்குது. நெஜமாவே, ஒவ்வொரு அடிக்கும் அவன் ஒடம்புல இருந்து யென் நோட்டா கொட்டுது. ஜப்பான்ல அப்ப நெலத்து வெலையும் ஷேரும் வானத்துக்கு ஏறி எல்லாரும் துட்டுல முழுகினு இருந்த காலம், அத தான் கிண்டலா இப்டி காட்றாங்க. சாதா ரோல் ப்ளேயிங் கேம்ல எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட் சேத்து லெவல் ஏறுவோம்ல, இதுல துட்டே தான் எக்ஸ்பீரியன்ஸ், உன்மேலயே துட்ட போட்டு புது அடி, கூடுதல் உயிர்னு வாங்கிக்கணும். மொதல்ல லட்சத்துல இருக்கும், போவ போவ கோடில கேக்கும், அப்ப தான் பேஜாரு. தெருல ரவுடி பசங்க சூழ்ந்துட்டாங்களா, சண்ட போட மூடு இல்லையா, கொஞ்சம் நோட்ட தூக்கி வீசுனா அவனுங்க அத பொறுக்க ஓடிருவானுங்க, நாம பாட்டுக்கு போலாம். இத மொதல் தடவ பண்ணிட்டு நான் தனியா குந்தினு பத்து நிமிஷம் சிரிச்சேன்.

கிரியுக்கு மூணு ஸ்டைலு. சாதா குத்து ஒண்ணு, வேகமா நழுவி நழுவி குத்துறது ஒண்ணு, மூணாவது தான் என் ஃபேவரிட்டு, மெதுவா மாடு மாரி நடந்து போவான், பக்கத்துல சைக்கிள், சேர், போர்டு இன்னா இருந்தாலும் தானா கை தூக்கிக்கும், அதாலயே விளாசுவான். சைக்கிள் ஒடையுற சத்தத்துக்கே தனியா ஸ்டார் குடுக்கலாம். இன்னொரு ஹீரோ மஜிமா, ஒத்த கண்ணு ஆளு, ஒசாக்கால ஒரு பெரிய கேபரே கிளப்ப நடத்துறான், அவனுக்கு பேஸ்பால் பேட்டு ஒரு ஸ்டைலு, பிரேக் டான்ஸ் ஆடினே ஒதைக்கிறது ஒரு ஸ்டைலு. ரெண்டு சேப்டர் இவன், ரெண்டு சேப்டர் அவன்னு மாறி மாறி போவும். மஜிமா மொதமொதல்ல வர்ற சீன பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், லைட்ட அணைச்சிட்டு பாருங்க.

அந்த மூணு தலைல குசேனு ஒருத்தன், முன்னாள் பாக்ஸரு. அவன்கூட தான் மொத பெரிய சண்ட. எங்க ஆயா பக்கத்துல கட்டில்ல படுத்துனு பாத்துனே இருந்துச்சு, அது சின்ன புள்ளைல ராயபுரம் பக்கம் பாக்ஸிங்ல சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைனு ஊரே ரெண்டா பிரிஞ்சி பேசுறத கேட்டு வளந்தது. குசே கைய ஒசத்தி வெச்சினு முன்னாடி வர்றத பாத்துட்டு "இவன் பழகுன ஆளுடா, நீ நேரா போவாத, சைடுல போ"ன்னுச்சு. சைடுல போனேன், வேலைக்காச்சு. அந்தாளு தோத்துட்டு தன் சுண்டுவிரல வெட்டிக்கினு மறுபடி மறுபடி வருவான், ஒவ்வொரு தடவையும் ஆயா "பார்றா, ரோஷக்காரன்"னு சொல்லும். கடைசில கிரியுவ விட குசே மேல தான் அதுக்கு பாசம் வந்துருச்சு.

ஆனா சண்டைய பாத்து மட்டும் வாங்காதீங்க, அதுக்கு இதவிட நல்ல கேமுங்க இருக்கு. இதுல கேமரா சின்ன ரூம்ல மாட்டிக்கும், பின்னாடி இருந்து துப்பாக்கில சுட்டா பொத்துனு விழுந்து எழுந்துக்கவே விட மாட்டானுங்க. நான் 74 மணி நேரம் ஓட்டுனதுக்கு காரணம் அந்த ஏரியா. மேப்பு ரொம்ப சின்னது, ஓடுனா ஒரு முனைல இருந்து இன்னொரு முனைக்கு ரெண்டு மூணு நிமிஷம், எம்.சி ரோட்ல தீபாவளிக்கு முன்னாடி ஒரு கடைய தாண்டுறதுக்கு ஆவுற நேரம். ஆனா அதே சந்துலயே சுத்தினு இருப்ப, எந்த முக்குல ரவுடி நிப்பான், எந்த கடைல நைட்டு சாப்பாடு கெடைக்கும், எந்த ஃபோன் பூத்துல சேவ் பண்ணலாம் (ஆமா, ஃபோன் பூத்துல தான் சேவ்வு) எல்லாம் மனப்பாடம் ஆயிடும்.

அப்புறம் அந்த குட்டி கதைங்க, மொத்தம் 100. உதாரணத்துக்கு ஒண்ணு சொல்றேன். ஒரு பொடியன் வரிசைல நின்னு புது வீடியோ கேம் வாங்குவான், ஒருத்தன் புடுங்கினு ஓடிருவான். கிரியு தொரத்தினு போனா அவன்கிட்ட இருந்து இன்னொருத்தன் புடுங்கிருப்பான், அவன்கிட்ட இருந்து வேறொருத்தன், இப்டியே போயி கடைசில யார்கிட்ட இருக்குதுன்றத ஆடி பாருங்க, மனசு ஒரு மாரி ஆயிடும். வட சென்னைனு சொன்னாலே வெளி ஆளுங்க "அங்க அருவா எல்லாம் சகஜமாமே"னு கேப்பாங்க, கேரம் போர்டுக்கும் மீன் கொழம்புக்கும் தான் எங்க ஏரியால பாதி பொழுது போவுதுனு சொன்னா நம்ப மாட்டாங்க. இந்த கேமும் பேரு யாகுசானு வெச்சினு பாதி நேரம் எவனுக்கோ எடுபிடி வேல பாத்துனு, பொம்ம கார் ரேஸ் விட்டுனு, கரோக்கே பாடினு சுத்துது. கேமுக்குள்ளயே செகா ஆர்கேட் (காசு போட்டு ஆடுற கேம் கடை) இருக்கு, அவுட் ரன், ஸ்பேஸ் ஹாரியர் எல்லாம் முழுசா ஆடலாம். பந்த உருட்டி கட்டைங்கள சாய்ப்பாங்கல்ல, அந்த பவுலிங்ல மூணு ஸ்ட்ரைக் தொடர்ந்து போட்டா பரிசா ஒரு உயிர் கோழி தர்றாங்க, அந்த கோழிய உன் ரியல் எஸ்டேட் ஆபீஸ்ல மேனேஜரா போடலாம். நான் போட்டேன். வேல நல்லா தான் பாக்குது.

ரியல் எஸ்டேட்னு சொன்னதும் ஞாபகம் வருது, அது தான் கேமோட பெரிய மொக்க. கடைங்கள வாங்கினு, ஆள போட்டுனு, வசூலுக்கு காத்துனு, நெஜமான நிமிஷ கணக்குல காக்கணும், திருப்பி போடணும், திருப்பி காக்கணும். ஆனா அத பண்ணாம பெரிய அடிங்க வாங்க துட்டு பத்தாது. நான் கேம்பேட கீழ வெச்சிட்டு போய் அத்தோ வாங்கினு வந்து துன்னு முடிச்சி கலெக்ஷன் எடுத்துருக்கேன். மஜிமாவோட கேபரே கிளப் வேல இதுக்கு எவ்ளோவோ தேவல, அங்கயாவது கைக்கு வேல இருக்கு. அப்புறம் மிஸ்டர் ஷேக்டவுன்னு மல மாரி ஒரு ஆளு தெருல சுத்துவான், அவன்கிட்ட தோத்தா மொத்த துட்டும் போச்சு. ஆரம்பத்துல அவன தூரத்துல பாத்தாலே அப்பீட்டு ஆயிடுங்க. துட்டு போனா கவலப்படாதீங்க, நல்லா ஏறுனதுக்கு அப்புறம் திருப்பி போய் அடிச்சா அந்த துட்டுக்கு மேலயே கக்குவான்.

வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். நான் ஆடுன பழைய வெர்ஷன்ல பேச்சு எல்லாம் ஜப்பானிஸ், எழுத்து இங்கிலீஷ், படிச்சினே இருக்கணும், சில சீன் அரை மணி நேரம் கூட பேசினே இருக்குற மாரி தோணும். சித்தி பையன் மொத சேப்டர்லயே "அண்ணா இது கேமா சீரியலா"ன்னு எழுந்து போய்ட்டான். இன்னொண்ணு, ஹால்ல வெச்சி ஆடாதீங்க. டெலிஃபோன் கிளப்பு, வீடியோ கடைனு சில எடம் இருக்கு, உள்ள போனா அந்த மாரி படம் வரும், ஆயா அன்னிக்கு நல்லவேள தூங்கினு இருந்துச்சு.

கீபோர்டுல ஆடாதீங்க, கேமே ஓப்பன் பண்ணும்போது நெஜ யாகுசாங்க கேம்பேடு தான் வெச்சிப்பாங்கன்ற மாரி நக்கலா ஒரு மெசேஜ் போடுது. அத நம்பி நான் ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைல சீப்பா ஒரு பேடு வாங்குனேன், மூணாவது வாரமே ஸ்டிக்கு தானா எடது பக்கம் இழுக்க ஆரம்பிச்சுது, கரோக்கேல கிரியு பாதி பாட்டுல தோத்துனே இருந்தான். மாத்தி குடுங்கனு கேட்டா "யூஸ் பண்ணிட்டீங்களே தம்பி"ன்றாரு. யூஸ் பண்ணாம எப்டி தெரியும். பேடுக்கு துட்டு பாக்காதீங்க, கேம்ல மிச்சம் புடிங்க, சேல்ல பாதிக்கு மேல கொறையும், முழு வெல குடுக்க வேணாம்.

ஸ்டார் கேட்டா அஞ்சுக்கு நாலர. அர கொறைச்சது ரியல் எஸ்டேட்டுக்கு, கோழிக்கு இல்ல. அடுத்தது இதே சீரிஸ்ல கிவாமின்ற கேம எறக்கி வெச்சிருக்கேன், ஆயா தெனமும் "அந்த ரோஷக்காரன் இதுல வர்றானா"ன்னு கேக்குது, இன்னும் பதில் சொல்லல.