சிறிய டேப்லெட் வாங்கும்போது கண்ணாடிக் கணக்கு

தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஓணத்தை ஒட்டிப் பாலக்காட்டுக் கடைகள் விலையைக் குறைக்கும். தீபாவளிக்குப் பொள்ளாச்சியும் கோவையும் குறைக்கும். இந்த ஓணத்துக்கு வீட்டுக்கு ஒரு சிறிய டேப்லெட் வாங்கினோம். பகலில் தென்னந்தோப்பில் அப்பா செய்தி படிப்பார். மாலையில் தமிழ்வழியில் படிக்கும் மகள் பாடம் பார்ப்பாள். ஒரு கையில் அடங்க வேண்டும் என்பதால் பத்து அங்குலத்துக்கு மேல் போகவே இல்லை.

இந்த அளவில் ஒரு காலத்தில் நல்ல போட்டி இருந்தது. 2012-இல் கூகுளின் ஏழு அங்குல டேப்லெட்டான நெக்சஸ் 7 வெறும் 199 டாலருக்கு வந்தது. அதே ஆண்டில் ஆப்பிளின் ஐபேட் மினி 329 டாலருக்கு வந்தது. பிறகு போன்களின் திரையே பெரிதாகிவிட, ஏழு அங்குலத்துக்குத் தேவை குறைந்தது. நெக்சஸ் வரிசை நின்றுபோனது. இன்று கீழே மலிவான ஆண்ட்ராய்டுகள், மேலே ஐபேட் மினி. நடுவில் ஏறக்குறைய வெற்றிடம். போட்டி நடப்பது கீழ்த்தட்டில்தான்.

ஐபேட் மினிதான் இவற்றுள் சிறந்த கருவி, அதில் எனக்கு ஐயமில்லை. 2019-இல் வந்த ஐந்தாம் தலைமுறை மினிக்கு 2025-இல்கூட புதிய இயங்குதளமான ஐபேட்ஓஎஸ் 26 கிடைத்தது. மறுவிற்பனையிலும் அதற்கே மதிப்பு அதிகம். ஆனால் 2024-இல் வந்த மினியின் அறிமுக விலையே 49,900 ரூபாய்.

விலையைவிட என்னைத் தடுத்தது கண்ணாடி. தோப்பில் கொண்டுபோகும் பொருள், பள்ளிப் பிள்ளையின் கைக்கும் போகும் பொருள். ஒருநாள் சிமெண்டுத் தரையில் விழத்தான் செய்யும். நான்காம் தலைமுறையிலிருந்து மினியில் மேல் கண்ணாடியும் திரையும் ஒன்றாக ஒட்டப்பட்டவை. கண்ணாடி மட்டும் விரிசல் விட்டாலும் திரையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதிகாரபூர்வ சர்வீஸில் பெரும்பாலும் திரையை மாற்றித் தருவதில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு மாற்றுக் கருவியையே தருகிறார்கள். அந்தத் தொகையில் நம் ஊரில் புதிய சிறிய டேப்லெட்டே வாங்கிவிடலாம். ஆப்பிள்கேர் என்ற ஆப்பிளின் பழுதுக் காப்புத் திட்டம் எடுத்தால் சுமை குறையும். அதற்கும் தனியே பணம் கட்ட வேண்டும். பத்தாயிரத்துச் சொச்சம் கொடுத்த கருவி உடைந்தால் மனம் வலிக்கும், அவ்வளவுதான். பிள்ளையிடம் தயங்காமல் கொடுக்க முடியும் என்பதை நான் பெரிய விஷயமாகவே மதிக்கிறேன்.

எஞ்சியவை சாம்சங்கின் கேலக்ஸி டேப் ஏ9, ரெட்மி பேட் எஸ்இ 4ஜி. இரண்டுமே 8.7 அங்குலம், திரைத் தெளிவும் ஏறத்தாழ ஒன்றே. சாம்சங்கின் ஹீலியோ ஜி99 சிப் வேகமானது. ரெட்மியில் இருப்பது பழைய ஜி85. ஆனால் பேட்டரி 6,650 எம்ஏஎச், சாம்சங்கில் 5,100தான். விலைதான் வேடிக்கை: சாம்சங் வைஃபை மாடலின் அறிமுக விலை 12,999 ரூபாய், சிம் போடும் மாடல் 15,999. ரெட்மியோ சிம்முடன் சேர்த்தே 10,999-இல் தொடங்கியது. தோப்பில் வைஃபை ஏது? போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போடச் சொன்னால் அப்பா டேப்லெட்டை மூடி வைத்துவிடுவார். ஆகவே எனக்குச் சிம் கட்டாயம். அப்போது வித்தியாசம் ஐயாயிரம் ரூபாய். ரெட்மியையே எடுத்தேன்.

செய்திக்கும் காணொளிக்கும் அது தாராளமாகப் போதும். ஒரே நேரத்தில் பல செயலிகளைத் திறந்தால் சற்றுத் தடுமாறுகிறது. 4 ஜிபி ராம் அவ்வளவுதான் தாங்கும். விளையாட்டுக்கு வாங்குபவர் சாம்சங் பக்கம் போவதே நல்லது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு பேட்டரி எப்படி உழைக்கும் என்று இப்போது என்னால் சொல்ல இயலாது. சாம்சங்கைக் கடையிலும் உறவினர் வீட்டிலும் கையாண்டதோடு சரி.

எல்லையின் எந்தப் பக்கம் வாங்கினாலும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். விலை குறைவது வரியால் அல்ல, கடைக்காரரோ நிறுவனமோ தரும் தள்ளுபடியால்தான். அதனால் இரண்டு பக்கமும் விலை கேட்டுவிட்டு, முறையான பில்லோடு வாங்குங்கள்.