மொனோபொலி டீல்: கொக்குவில் வீட்டில் தேறின சீட்டுக்கட்டு

மொனோபொலிப் பலகை எங்கள் வீட்டில் அலுமாரிக்கு மேலே ஏறிக் கனகாலம். விரித்தால் இரண்டு மூன்று மணித்தியாலம் போய்விடும், அதோடு முதலில் காசு முடிந்த பிள்ளை மற்றவர்கள் முடிக்கும்வரை முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்கும். லண்டன் சித்தி கொண்டுவந்த 'மொனோபொலி டீல்' சீட்டுக்கட்டில் இந்த இரண்டு வில்லங்கமும் இல்லை. 2008இல் வந்த ஆட்டம் இது. கால் மணித்தியாலத்தில் முடியும், யாரும் இடையில் வெளியேறுவதில்லை.

கைக்கு ஐந்து சீட்டு. முறை வரும்போது இரண்டு எடுத்து, மூன்று வரை இறக்கலாம். முறை முடியும்போது கையில் ஏழுக்கு மேல் இருக்கக்கூடாது. வேறுவேறு நிறத்தில் மூன்று தொகுதிக் காணிகளை முதலில் நிரப்பியவர் வென்றார், அவ்வளவுதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது காசு கட்டுகிற முறை. கையில் இருக்கிற சீட்டால் கட்ட முடியாது, முன்னால் வைத்திருக்கிற காசாலும் காணியாலும்தான் கட்டவேண்டும், மிச்சமும் கிடையாது. இரண்டு மில்லியன் கேட்டால், உங்களிடம் ஐந்து மில்லியன் சீட்டு மட்டும்தான் இருந்தால் அது அப்படியே போகும். அதனால் சில்லறை சேர்க்கவேண்டும், அதற்காகக் கையிலிருக்கிற, மற்றவரிடம் காசோ காணியோ பறிக்க உதவுகிற நல்ல அதிரடிச் சீட்டையே காசாக வைக்கவேண்டி வரும், ஆனால் ஒருமுறை காசாக வைத்தால் பிறகு அதை அதிரடிக்குப் பாவிக்கமுடியாது. ஒவ்வொரு முறையும் இந்த யோசனைதான் மண்டையைக் குடைகிறது.

304 சீட்டாட்டம் ஆடி ஊறின பெரியப்பா முதலில் இதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று தள்ளியிருந்தார். இப்போது இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர்தான் கட்டைத் தேடுகிறார். துரும்பைக் கவிழ்த்துவைத்து ஆடுகிற ஆட்டத்தில் பழகினவர், மற்றவர் போடுகிற அதிரடியைத் தடுக்கிற 'ஜஸ்ட் சே நோ' சீட்டை எவ்வளவு கஷ்டம் வந்தாலும் காசாக்கமாட்டார். ஒருநாள் தங்கச்சி 'டீல் பிரேக்கர்' போட்டு அவருடைய மேஃபெயர், பார்க் லேன் நீலத் தொகுதியை முழுதாகக் கேட்டாள். "பொறு பிள்ளை" என்று அவர் தன் 'ஜஸ்ட் சே நோ'வை மெதுவாக வைத்தார். அவள் உடனே இன்னொரு 'ஜஸ்ட் சே நோ'வை அதற்கு மேல் வைத்தாள். கட்டில் மூன்றுதான் உண்டு, மூன்றாவது ஏற்கெனவே போய்விட்டது என்பதை அவள் எண்ணி வைத்திருந்தாள். பெரியப்பாவுக்குக் காணி போன கவலையே இல்லை, "அடி சக்கை" என்று கையைத் தட்டினார். வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

குறைகளும் உண்டு. இரண்டு பேர் ஆடினால் சப்பென்று இருக்கும், மூன்று நாலு பேர்தான் அளவு. வேர்வைக் கை பட்டுப் பட்டு எங்கள் சீட்டுகளின் ஓரம் உரிந்துவிட்டது, ஆகவே வாங்கினதும் பிளாஸ்டிக் உறை போடுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் விறாந்தையில் விரித்தால் காணியெல்லாம் முற்றத்துக்குப் பறக்கும், அறைக்குள் பாயில்தான் சரி.

தாயக்கட்டை வகையில் 'மொனோபொலி எக்ஸ்பிரஸ்' உம் ஆடிப் பார்த்தோம். மூன்று பொலிஸ் கட்டையும் விழுந்தால் அந்த முறை சேர்த்ததெல்லாம் போச்சு, நிறுத்துவதா இன்னும் உருட்டுவதா என்ற பதட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் உருட்ட மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும், மற்றவரின் காணியில் கைவைக்கிற வேலையும் இல்லை. கூட்டல் பழகுகிற சின்னவர்களுக்கு அதை வாங்கலாம். பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே பாயில் இருக்கிற வீட்டுக்கு டீல்தான்.