நாலு சக்கர அம்பயர் கிளிக்கர்: தப்பான கவுண்ட்டைத் திருத்த எந்த மாடல் உதவும்?

சாஃப்ட்பால் அம்பயரின் இடது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்ன சாமான் இது. பால் (எல்லைக்கு வெளியே வந்து, பேட்டர் வீசாமல் விட்ட பந்து), ஸ்ட்ரைக் (வீசித் தவறவிட்ட, அல்லது எல்லைக்குள் வந்தும் வீசாமல் விட்ட பந்து), அவுட், இன்னிங்ஸ் என்று நாலு சக்கரம். பால்-ஸ்ட்ரைக் கணக்கைத்தான் கவுண்ட் என்பார்கள். சென்னை பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம் பக்கத்துக் கடைகளில் வெறுமனே ‘அம்பயர் கவுண்ட்டர்’ என்று கேட்டால் கிரிக்கெட் கவுண்ட்டரை எடுத்து நீட்டிவிடுவார்கள். அது ஓவருக்கு ஆறு பந்து எண்ணுவது. ஒரு பேட்டருக்குப் பால், ஸ்ட்ரைக் இரண்டையும் தனித்தனியாகக் காட்டாது. ‘பேஸ்பால் இண்டிகேட்டர்’ என்று கேளுங்கள், சாஃப்ட்பாலுக்கும் அதேதான்.

கையில் வாங்கியதும் எண்கள் எதுவரை போகின்றன என்று பாருங்கள். சிலவற்றில் பால் 3, ஸ்ட்ரைக் 2, அவுட் 2 வரைதான். அதற்கு மேல் தட்டினால் 0-க்குப் போய்விடும். சிலவற்றில் 4, 3, 3 வரை உண்டு. நாலாவது பாலோடு பேட்டர் முதல் பேஸுக்குப் போய்விடுவார், பிறகு 4 எதற்கு என்று தோன்றும். தேவை இருக்கிறது. இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு பேட்டர் ஃபவுல் (கோட்டுக்கு வெளியே போகும் அடி) அடிக்கிறார். பன்ட் (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிவிடுவது) முயற்சியாக இல்லாவிட்டால் அது மூன்றாவது ஸ்ட்ரைக் கணக்கில் வராது. ஆனால் பழக்க தோஷத்தில் விரல் சக்கரத்தைத் தட்டிவிடும். முதல் வகையில் 2 என்பது சத்தமில்லாமல் 0 ஆகிவிடும், பார்த்தால் நியாயமான கவுண்ட் போலவே இருக்கும். இரண்டாம் வகையில் 3 என்று நிற்கும். பேட்டர் இன்னும் பிளேட்டில் நிற்க, சக்கரம் 3 காட்டினால் எங்கோ இடிக்கிறது என்று அந்த நொடியே தெரியும். எங்கள் ஓட்டு 4-3-3 மாடலுக்குத்தான்.

அடுத்து, சக்கரம் பின்னாலும் சுழல வேண்டும். பேட்டர் பாதி மட்டை வீசுகிறார், கேட்சருக்குப் பின்னால் நிற்கும் பிளேட் அம்பயர் ‘பால்’ சொல்லித் தட்டிவிடுகிறார். கேட்சர் கேட்டதும் பேஸ் அம்பயரிடம் கேட்கிறார், அவர் ‘ஸ்ட்ரைக்’ என்கிறார். இப்போது பாலை ஒன்று குறைத்து, ஸ்ட்ரைக்கை ஒன்று கூட்ட வேண்டும். முன்னால் மட்டும் போகும் சக்கரமென்றால் முழுச் சுற்று சுற்றித்தான் வர வேண்டும். அந்த அவசரத்தில்தான் இன்னொரு தப்பு நுழையும்.

அவசரம் ஏன் என்றால், திருத்தத்துக்கான கதவு அடுத்த பேட்டருக்குப் பிட்ச் (பிட்ச்சர் வீசும் பந்து) போட்டதும் மூடிவிடும். மூன்று பால்தான் ஆகியிருக்க, நாலு என்று நினைத்து பேட்டரை முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வையுங்கள். அடுத்த பேட்டருக்கு முதல் பிட்ச் விழுவதற்குள் தெரிந்தால், ‘டைம்’ சொல்லி அவரைத் திரும்பக் கூப்பிட்டு மூன்று பாலோடு ஆட்டத்தைத் தொடரலாம். அவர் வந்ததால் இரண்டாம் பேஸுக்குத் தள்ளப்பட்ட ரன்னரும் முதல் பேஸுக்குத் திரும்ப வேண்டும். இதைத்தான் பல பேர் மறக்கிறார்கள். பிட்ச் விழுந்துவிட்டால் அந்த வாக் (நாலு பாலுக்குக் கிடைக்கும் முதல் பேஸ்) அப்படியே நிற்கும். சரிபார்க்கும் வரிசை: பிளேட் அம்பயரின் கிளிக்கர், பேஸ் அம்பயரின் கிளிக்கர், பிறகு ஸ்கோரரின் தாள். கோச்சின் ஞாபகம் இந்த வரிசையில் கிடையாது, எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும்.

கிளிக்கரால் ஆகாத காரியமும் உண்டு. பந்து ஸ்ட்ரைக்கா, ரன்னர் சேஃபா என்பது அம்பயரின் கண் தீர்ப்பு. அதன் மேல் புரோட்டஸ்ட் (அணி முறைப்படி கொடுக்கும் ஆட்சேபம்) செல்லாது. தீர்ப்பு சொன்னவரே கேட்டாலொழிய இன்னொரு அம்பயர் அதில் வாய் வைக்கக் கூடாது. விதியைத் தப்பாகப் பிரயோகித்தால் புரோட்டஸ்ட் செய்யலாம், அதுவும் அடுத்த பிட்சுக்கு முன்னால். கவுண்ட் என்பது வெறும் கணக்கு. அதனால் கூட நிற்கும் அம்பயர் தயங்காமல் விரல் காட்டிச் சொல்லலாம். ஆகவே வாங்கினால் இரண்டாக, ஒரே மாடலாக வாங்குங்கள். சிலவற்றில் ஸ்ட்ரைக் முதலிலும் பால் அடுத்தும் வரும். இருவர் கையிலும் வரிசை மாறி இருந்தால் 2-1 என்பது 1-2 ஆகிவிடும்.

கடையிலேயே ஒரு சோதனை: எல்லாச் சக்கரத்தையும் 1-ல் வைத்து, கிளிக்கரை உள்ளங்கையில் பத்து தடவை நன்றாகத் தட்டுங்கள். ஒன்று நகர்ந்தாலும் வேண்டாம். ‘டக்’ என்று விரலுக்குத் தெரிய வேண்டும், காதுக்கு மட்டும் கேட்டால் போதாது. மேலே அச்சடித்த எண்கள் வியர்வையில் அழியும். அச்சிலேயே பள்ளமாக வார்த்தவை தாங்கும்.

ஸ்டீல் மாடல் பார்க்க அழகு, மே மாத வெயிலில் சூடேறும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் ஸ்ப்ரிங் துருப்பிடித்துச் சக்கரம் இறுகும். பிளாஸ்டிக்கே போதும். மணல் புகுந்தால் பழைய டூத்பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் விடாதீர்கள், மணல் இன்னும் ஒட்டும். இறுகினால் பென்சில் கரியைத் தூளாக்கித் தேய்த்தால் சரியாகும்.

இன்னிங்ஸ் சக்கரம் பேஸ்பாலுக்காக 9 வரை இருக்கும். நமக்கு ஏழே இன்னிங்ஸ், அதையும் ஸ்கோரர் பார்த்துக்கொள்வார். மூன்று சக்கர மாடல் குறைந்த விலைக்குக் கிடைத்தால் தாராளமாக அதையே எடுக்கலாம்.