பச்சை இகுவானாவுக்கு டி5 யூவிபி குழல்விளக்கு: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

இலை தின்னும் பெரிய பல்லி இனமான பச்சை இகுவானா ஒன்றை வளர்க்கிறேன். வளர்ந்துவிட்ட அதன் கூண்டில், யூவிபி எனும் புற ஊதா-பி கதிரைத் தரும் 12 சதவீத டி5 (மெல்லிய வகை) குழல்விளக்கைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். விளக்கு நல்லது, ஆனால் யூவி இண்டெக்ஸ் (புற ஊதாக் கதிரின் வலிமையைக் காட்டும் எண்) அளக்கும் கருவி கையில் இல்லாமல் அதை நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

யூவிபி கதிர் தோலில் பட்டு, உடலில் போதிய வெப்பமும் இருந்தால்தான் இகுவானாவுக்கு வைட்டமின் டி3 உருவாகிறது. அது இல்லையேல் தின்னும் இலையிலுள்ள கால்சியம் சரியாக இரத்தத்தில் சேராமல், உடல் எலும்பிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளத் தொடங்கும். கீழ்த்தாடை வீங்கி மென்மையாவதும், விரல்கள் துடிப்பதும், வயிற்றைத் தரையில் இழுத்தபடி நடப்பதும் இந்த எலும்பு நோயின் அடையாளங்கள். என் இகுவானாவின் தாடையை அவ்வப்போது விரலால் மெல்ல அழுத்திப் பார்க்கிறேன். இன்றுவரை இருபுறமும் உறுதியாக இருக்கிறது.

புதிய குழலைப் பொருத்தியபோது, படுக்கும் கிளையில் இகுவானாவின் முதுகு இருக்கும் உயரத்தில் சோலார்மீட்டர் 6.5 என்ற அந்த அளவுக் கருவியைப் பிடித்து, யூவி இண்டெக்ஸ் அளவு 3-க்கும் 4-க்கும் இடையில் நிற்கும்படி கிளையின் உயரத்தை அமைத்தேன். ஓராண்டு நெருங்கியபோது அதே இடத்தில் அளவு 2-ஐ ஒட்டி இறங்கியிருந்தது; கண்ணுக்கோ விளக்கு வாங்கிய அன்று எரிந்தது போலவே தெரிந்தது. கம்பிவலைக்கு மேல் விளக்கை வைத்தால் கதிரில் கணிசமான பங்கு வலையிலேயே நின்றுவிடும், சன்னல் கண்ணாடியோ ஏறக்குறைய முழுவதையும் தடுத்துவிடும் என்பதால், குழலைக் கூண்டுக்குள்ளேயே இகுவானாவுக்கு எட்டாதபடி பொருத்தியிருக்கிறேன்.

அருகிலேயே வெப்ப விளக்கும் வேண்டும். கிளையின் மேற்பரப்பு 35 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். காலையில் கருத்த நிறத்தில் கிளையேறி, உடலைத் தட்டையாக்கி விலாவை ஒளிக்குக் காட்டும் இகுவானா, நிறம் வெளுத்த பிறகே இலைத் தட்டுக்கு இறங்குகிறது. வெப்ப விளக்கு கூண்டின் ஈரப்பதத்தை உறிஞ்சிவிடுவதுதான் தொல்லை. வயதான இகுவானாக்களைப் பெரிதும் வாட்டும் சிறுநீரக நோய்க்கு நீண்டகால நீர்ச்சத்துக் குறைவும் ஒரு காரணம் என்பதால், இலைகளை நனைத்தே வைக்கிறேன்; ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுகிறேன். இரத்தத்தில் பாஸ்பரஸ் கால்சியத்தை மிஞ்சினால் மருத்துவரிடம் தாமதிக்காமல் போக வேண்டும்.

தவறான உணவை இந்த விளக்கு ஈடுசெய்யாது. அகத்தி, முருங்கை, செம்பருத்தி இலைகளே என் இகுவானாவின் அன்றாட உணவு. ஆக்சலேட் மிகுந்த பாலக் கீரை கால்சியத்தைப் பிணைத்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். டி3 பொடியை அளவுக்கு மீறிக் கொடுத்தால் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்களிலும் கால்சியம் படியும். தோலில் உருவாகும் டி3-யையோ உடலே மட்டுப்படுத்திக்கொள்கிறது. பொடியைவிட விளக்கையே நான் விரும்புவதற்கு இதுவே காரணம்.

காலை வெயில் கிடைக்கும் நாள்களில், பாதி நிழலுள்ள கம்பிக் கூண்டில் இகுவானாவை வெளியே வைப்பது எந்தக் குழலையும்விட மேலானது. விளக்கின் அருமை தெரிவது வடகிழக்குப் பருவமழையில்தான். அதனால் ஐப்பசி பிறக்கும் முன்பே கருவியால் அளந்துவிட்டு, அளவு 2.5-க்குக் கீழே இருந்தால் புதிய குழலை மாற்றிவிடுகிறேன்.