மாடியா, கொட்டகையா? ஐ.டி.ஐ. பட்டறைக்கு ஏற்ற கட்டடம்

தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் புதிய கட்டடம் என்றதும் தமிழ்நாட்டில் வழக்கமாக இரண்டு வரைபடங்கள் மேசைக்கு வரும். ஒன்று, பிட்டர், டர்னர், வெல்டர் பிரிவுகளை உயரமான ஒற்றைத்தளக் கொட்டகையில் பரப்பி, ரம்பப்பல் போல மடிந்த கூரையின் வடக்குக் கண்ணாடி வழியே ஒளி இறக்குவது. மற்றொன்று, கல்லூரி போன்ற மூன்று மாடிக் கான்கிரீட் கட்டடம். நகரத்தில் நிலத்தின் விலையைப் பார்ப்பவர்கள் இரண்டாவதன் பக்கமே சாய்வார்கள். கடைசல் இயந்திரத்தின் (லேத்) முன் நின்று பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு எளிதான முடிவு அல்ல.

வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியில் 0.02 மில்லிமீட்டரைப் படிக்கும் மாணவர், எந்தக் கோடு எந்தக் கோட்டோடு பொருந்துகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். பக்கச் சன்னல்களை மட்டும் நம்பிய அகலமான மாடிக் கூடத்தில், நடுவரிசைக்குப் பகலிலும் குழல்விளக்குதான். பழைய சோக் பொருத்திய குழல்விளக்கு நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்வதால், சில வேகங்களில் சுழலும் சக் (லேத்தில் வேலைத்துண்டைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) நின்றுவிட்டதுபோலத் தோன்றும். அதை நம்பிக் கையை நீட்டினால் விரல் போகும். அடுத்தடுத்த விளக்குகளை வெவ்வேறு ஃபேஸில் இணைப்பதும், எலக்ட்ரானிக் சோக்குக்கு மாறுவதும் இந்த ஆபத்தைக் குறைக்கும் என்றாலும், மேலிருந்து சீராக இறங்கும் பகலொளியில் இந்தத் தொல்லையே எழுவதில்லை.

ஆனால் அந்த ரம்பப்பல் கூரை இங்கிலாந்தின் ஆலைகளில் வேரூன்றியது. 53 பாகை அட்சரேகையிலுள்ள மான்செஸ்டரில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கேதான் நிற்கும்; வடக்குக் கண்ணாடியில் அந்த வெயில் நேராகப் படாது. 13 பாகையிலுள்ள சென்னையிலோ ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அது உச்சிக்கு வடக்கே போய்விடுகிறது. ஜூன் 21 நண்பகலில் உச்சியிலிருந்து சுமார் 10 பாகைதான் விலகல் என்பதால், ஓரடி நீட்டிய சிறு தாழ்வாரம் ஐந்தடிக் கண்ணாடியைக் காக்கும். காலையிலும் மாலையிலும் வடகிழக்கு, வடமேற்கிலிருந்து சாய்ந்து நுழையும் வெயிலுக்குச் செங்குத்துத் தடுப்புகள் தனியே வேண்டும். கூரை மடிப்புகளுக்கிடையே மழைநீர் வடியும் தாரை இன்னொரு பலவீனம். ஐப்பசி மழையில் இலை அடைத்த தாரை நிரம்பி, லேத்தின் படுகை மீது சொட்டுச் சொட்டாக விழுந்து துரு ஏற்றியதை ஒரு பயிற்சி நிலையத்தில் நானே பார்த்திருக்கிறேன்.

மாடிக் கட்டடத்தின் குறை எடையைத் தாங்குவதில் இல்லை. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள இயந்திரங்களுக்கேற்பத் தளத்தை வடிவமைத்துவிடலாம். அதிர்வும் இரைச்சலும் அடுத்த தளத்துக்குப் பரவுவதையும், நீண்ட இரும்புக் கம்பிகளையும் எரிவாயு உருளைகளையும் மேலேற்றும் பாட்டையும்தான் வரைபடம் காட்டுவதில்லை.

வெப்பத்தில் மட்டும் மாடிக்கே மதிப்பெண்: வெப்பத்தடுப்பு இல்லாத தகரக் கூரையின் கீழ் மே மாதப் பிற்பகலில் வெல்டிங் பழகுவது தண்டனை. கணினிவழி வடிவமைப்பு, மின்னணுவியல் போன்ற பாடங்களுக்கும் குளிரூட்டிய, தூசி புகாத அறைகளே தேவை. அவற்றுக்கு ரம்பப்பல் கூரை வீண்செலவு.

ஆகவே, நிலம் உள்ள இடத்தில் கொட்டகையையே தேர்வேன். வகுப்பறைகளையும் கணினிக் கூடங்களையும் மூன்று மாடிக் கட்டடமாக அதன் மேற்கே நிறுத்தினால், பிற்பகல் வெயிலுக்கு அதுவே மறைப்பாகும், சென்னையில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றுக்கும் வழி திறந்திருக்கும். நிலம் இல்லாத இடத்தில், தரைத்தளத்தை ஆறு மீட்டர் உயரத்தில் எழுப்பி இயந்திரங்களை அங்கேயே வைத்துவிட்டு, பாட அறைகளை மட்டும் மேலே கொண்டுபோகலாம்.