பிரிக்லிங்க் ஸ்டுடியோ: கட்டை வாங்குவதற்கு முன்னால் இதை இறக்குங்கள்

லெகோவில் சொந்தமாக ஒரு மாடல் செய்து பார்க்கணும் என்று ஆசை, ஆனால் மாலில் பெட்டியைத் திருப்பி விலையைப் பார்த்ததும் திரும்ப அதே அலமாரியில் வைத்துவிட்டு வந்துவிடுகிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். பிரிக்லிங்க் ஸ்டுடியோ என்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது, விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும், ஒரு பைசா கிடையாது. திரையிலேயே கட்டைகளை அடுக்கி மாடலை முடித்து, எந்தக் கட்டை எத்தனை வேண்டும் என்று பட்டியல் எடுத்து, அப்புறம் அதை மட்டும் வாங்கலாம். விலை குறைவாக இருக்கும் ஊரில் இது பொழுதுபோக்கு. நம்ம ஊரில் இது இல்லாமல் ஆரம்பிப்பதே வீண் செலவு என்பது என் கருத்து.

கொஞ்சம் பூர்வீகம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது இலவசமாக இருப்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1995இல் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர், லெகோ கட்டைகளைக் கணினியில் அடுக்கிப் பார்க்க எல்டிரா என்ற நிரலை எழுதினார். 1997இல் அவர் இறந்துவிட்டார். ஆனால் அவர் தொடங்கிய பாக நூலகத்தை உலகம் முழுக்க இருக்கிற ரசிகர்கள் விடவே இல்லை, ஒவ்வொரு கட்டையாக அளந்து வரைந்து சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். லெகோ கம்பெனி தன் பங்குக்கு 2004இல் டிஜிட்டல் டிசைனர் என்று ஒன்று விட்டது, நாம் வரைந்ததையே பெட்டியில் போட்டு அனுப்பும் சேவையும் அதோடு இருந்தது, 2012இல் அந்தச் சேவையை நிறுத்தினார்கள், 2022இல் டிஜிட்டல் டிசைனரையே கைவிட்டார்கள். நடுவில் 2019இல் உதிரிக் கட்டை விற்கும் இணையச் சந்தையான பிரிக்லிங்கை வாங்கிப் போட்டிருந்தார்கள், அதனால் ஸ்டுடியோ இப்போது கம்பெனி வீட்டுப் பிள்ளை. அதற்குள் இருக்கும் பாகங்களின் அடித்தளம் மட்டும் அந்த ரசிகர்களின் உழைப்பு.

சரி, வேலைக்கு வருவோம். நான் இதில் செய்தது சென்ட்ரல் ஸ்டேஷன். 1873இல் ஜார்ஜ் ஹார்டிங் வடிவமைத்த கட்டடம், மணிக்கூண்டு கொஞ்சம் பின்னால் வந்தது. (இப்போதைய அதிகாரப்பூர்வப் பெயர் முழுவதையும் இந்த அளவு மாடலில் எழுத நினைத்தால் பெயர்ப்பலகை ஸ்டேஷனை விட நீளமாகப் போகும், விட்டுவிட்டேன்.) நாலு பக்கமும் கடிகாரம் உள்ள அந்தக் கூண்டுதான் இந்த சாஃப்ட்வேர் எவ்வளவு நுணுக்கமாக யோசிக்க வைக்கும் என்பதற்குச் சரியான சோதனை.

லெகோ கட்டையின் மேலே இருக்கும் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் தூரம் 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6. மெல்லிய பிளேட் 3.2, அதாவது மூன்று பிளேட் ஒரு கட்டை. அகலமும் உயரமும் ஒன்றுக்கொன்று பொருந்தாத இந்தக் கணக்குதான் எல்லாத் தலைவலிக்கும் எல்லா சுவாரசியத்துக்கும் காரணம். எல்டிரா ஆட்கள் இதைச் சமாளிக்கச் சொந்தமாக ஒரு அலகே வைத்திருக்கிறார்கள்: 0.4 மில்லிமீட்டர் ஒரு அலகு, அப்படிப் பார்த்தால் கட்டையின் அகலம் 20, உயரம் 24, பிளேட் 8. எல்லாம் முழு எண்ணாக வந்துவிடுகிறது பாருங்கள்.

என் கூண்டு இரண்டு குமிழ் அகலம், அதாவது 40 அலகு. நடுவில் ஒற்றைக் குமிழ் கட்டை ஒன்று, நாலு பக்கவாட்டிலும் குமிழ் உள்ளது, பாக எண் 4733. அதன் நாலு பக்கத்திலும் வெள்ளை வட்ட டைல் (மேலே குமிழ் இல்லாத வழுவழுப்பான மெல்லிய பாகம்) ஒட்டினால் நாலு கடிகாரம் ரெடி. டைலின் தடிமன் பக்கத்துக்கு 8, கட்டை 20, மொத்தம் 36. ஆக, கடிகார முகம் சுவரை விட இரண்டு அலகு, 0.8 மில்லிமீட்டர், உள்வாங்கி நிற்கும். கையில் கட்டையை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க அந்தக் கட்டை முதலில் வீட்டில் இருக்கணும். திரையில் ஜூம் செய்து பார்த்தபோது அந்தச் சின்ன நிழல் விளிம்பு உண்மையான கூண்டில் இருப்பது போலவே விழுந்தது, அப்படியே விட்டுவிட்டேன். ஒற்றைக் கட்டையை இரண்டு குமிழ் அகலத்தின் நட்டநடுவில் நிறுத்த, நடுவில் ஒரே குமிழ் உள்ள 87580 பிளேட் போதும், மேலே வரும் 2க்கு 2 பிளேட்டின் அடிக்குழாய்க்குள் கட்டையின் குமிழ் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும்.

இப்படி ஒவ்வொன்றையும் வைக்கும்போது ஸ்டுடியோ கூடவே காவல் இருக்கிறது. ஒரு பாகம் இன்னொன்றுக்குள் இடித்தால் வைக்க விடாது (தேவைப்பட்டால் இதை அணைத்துக்கொள்ளலாம்). உறுதியைச் சோதிக்கும் பொத்தான் ஒன்று உண்டு, அழுத்தினால் எது எதோடும் ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கிறது, எந்த இணைப்பு பலவீனம் என்று நிறம் போட்டுக் காட்டும். ஆனால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். முக்கியமாக, எந்த வரிசையில் கட்ட முடியும் என்பதைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது. சுற்றிலும் சுவர் எழுப்பிவிட்டு உள்ளே ஒரு கட்டையைப் பக்கவாட்டில் சொருகினால் திரையில் ஜோராக உட்காரும், நிஜத்தில் விரல் நுழைய இடம் இருக்காது. நூறு கட்டை தாண்டினால், மேலிருந்து ஒவ்வொரு அடுக்காகக் கழற்றி, கீழிருந்து திரும்பச் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

நிறம் அடுத்த பொறி. சென்ட்ரலின் சிவப்பு பளபள சிவப்பு இல்லை, காய்ந்த செங்கல் பக்கம் போகிற சிவப்பு, அதனால் அடர் சிவப்பைத் தேர்ந்தெடுத்தேன். திரையில் எந்தக் கட்டையையும் எந்த நிறத்திலும் பூசலாம், அங்கே தடை இல்லை. கம்பெனி அந்தக் கட்டையை அந்த நிறத்தில் தயாரித்ததே இல்லை என்பது கடைசியில் பட்டியல் எடுக்கும்போது தெரிந்தால் வெறுத்துப்போகும். இதற்கு உள்ளேயே நிறம் சரிபார்க்கும் வசதி இருக்கிறது, கிடைக்காத சேர்க்கையை எச்சரிக்கைக் குறியோடு காட்டும். முதல் கட்டை வைக்கும்போதே அதைப் போட்டுவிடுங்கள். இதைத் தானாகவே எப்போதும் இயங்கும்படி வைத்திருக்கலாம், ஏன் வைக்கவில்லை என்று புரியவில்லை.

இனி காசு. ஸ்டுடியோவில் இருந்து பட்டியலை நேரே பிரிக்லிங்க் சந்தைக்கு ஏற்றலாம், உலகம் முழுக்க உள்ள தனி விற்பனையாளர்கள் அங்கே உதிரிக் கட்டை விற்கிறார்கள். சொல்லும்போது நன்றாக இருக்கிறது, நான் சென்னை முகவரி போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரே கடையில் எல்லாம் கிடைக்காது, மூன்று கடையில் பிரித்து வாங்கினால் மூன்று தபால் செலவு, ஒரு விற்பனையாளர் என்னிடம் கட்டைக்குக் கேட்டதை விடத் தபாலுக்குக் கேட்டது அதிகம். அதன் மேல் சுங்கம். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆனது, 2023இல் 70. மாலில் அந்தப் பெட்டி ஏன் அந்த விலை என்பதற்கும் பாதி பதில் இதுதான்.

அதனால் நம்ம ஊருக்கு ஏற்ற மாதிரி டிசைன் செய்யப் பழகிக்கொண்டேன். மொத்தக் கட்டை எண்ணிக்கையைக் குறைப்பதை விட வகை எண்ணிக்கையைக் குறைப்பது முக்கியம். நாற்பது விதமான பாகம் இருந்தால் நாலு கடைக்குப் போகணும், அதையே பன்னிரண்டு விதத்தில் செய்துவிட்டால் ஒரே கடையில் முடிய வாய்ப்பு உண்டு. ஸ்டுடியோவில் ஒரே மாதிரி பாகங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து வேறு பாகமாகவோ நிறமாகவோ மாற்றுவது சுலபம், அந்த வேலைக்காகவே இதற்கு ஒரு மார்க் கூடப் போடலாம். வெளியே தெரியாத உள்பக்கத்துக்கு வீட்டில் கிடக்கும் பழைய கட்டைகள் போதும், நிறம் எதுவானால் என்ன. பாரிஸ் கார்னர் சந்துகளில் கிடைக்கும் பேர் தெரியாத கட்டைகளும் அளவில் பொருந்தும், ஆனால் பிடிமானம் பெட்டிக்குப் பெட்டி மாறும், பாரம் தாங்குகிற இடத்தில் வைக்காதீர்கள்.

செய்முறைப் புத்தகம் தயாரிக்கும் பகுதி எனக்கு எதிர்பாராத சந்தோஷம். மாடலைப் படிப்படியாகப் பிரித்துக் கொடுத்தால், கடையில் வாங்கும் பெட்டிக்குள் இருக்கும் புத்தகம் மாதிரியே பக்கம் பக்கமாக அமைத்து, அந்தப் படிக்குத் தேவையான கட்டைகளை மூலையில் காட்டி, பிடிஎஃப் ஆகக் கொடுக்கிறது. அதுவாகவே பிரித்துத் தருவதை அப்படியே நம்ப வேண்டாம். அக்கா பையனிடம் அப்படி ஒன்றைக் கொடுத்தேன், கூண்டுக்கு வந்ததும் "மாமா, இதை எந்தப் பக்கமாச் சொருகுறது?" என்று கேட்டான், பார்த்தால் பின்பக்கம் போகிற கட்டையை முன்பக்கக் கோணத்திலேயே காட்டியிருந்தது. அந்தப் படியில் மட்டும் மாடலைத் திருப்பி வைத்துவிட்டால் சரியாகிவிடும், ஆனால் ஒவ்வொரு பக்கமாக நாம்தான் உட்கார்ந்து பார்க்கணும்.

போட்டோ மாதிரி படம் எடுக்கும் ரெண்டர் வசதியும் உண்டு. பிளாஸ்டிக்கின் பளபளப்பு வரைக்கும் வரும், பார்க்கிறவர்கள் நிஜ மாடல் என்றே நினைப்பார்கள். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் பெரிய படம் போட்டால் ஃபேன் கத்த ஆரம்பித்துவிடும், மே மாதம் மத்தியானத்தில் இதைச் செய்யாதீர்கள், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். ஸ்க்ரோல் சக்கரம் உள்ள மவுஸ் ஒன்றும் கட்டாயம் வேண்டும், டச்பேடில் மாடலைத் திருப்பி ஜூம் செய்து கட்டை வைப்பது பொறுமையைச் சோதிக்கும்.

போனில் இது ஓடாது. லினக்ஸுக்கும் இல்லை, அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் லியோகேட் பக்கம் போகலாம், அதுவும் இலவசம், அதே எல்டிரா நூலகம்தான், கட்டைகள் தானாக ஒட்டிக்கொள்ளும் சுகம் மட்டும் குறைவு. எதையும் இறக்க முடியாத ஆபீஸ் கணினி என்றால் மெக்காபிரிக்ஸ் பிரவுசரிலேயே திறக்கும். அதைத் திறப்பது மேனேஜர் சீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.